பாட்டு கிளாஸில் ஐந்தரைக் கட்டை, கீபோர்டு கிளாஸில் ஜி ஷார்ப்: இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. வாரத்தில் இரண்டு நாள் கர்நாடக வாய்ப்பாட்டு, சனிக்கிழமை கீபோர்டு. பாட்டு டீச்சர் சங்கராபரணம் என்று சொல்வதை கீபோர்டு சார் சி மேஜர் என்கிறார். அங்கே ஐந்தரைக் கட்டை, இங்கே ஜி ஷார்ப். ஆதி தாளமும் 4/4-ம் ஒன்றுதானா? அங்கே ஸரிகம எழுதுகிறாள், இங்கே ஐந்து கோட்டில் புள்ளி வைக்கிறாள். ரொம்பக் குழம்புகிறாள். ஒரு வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்:

நிறுத்த வேண்டாம். இந்தக் குழப்பம் அவளுக்குத் திறமை இல்லாததால் வருவதில்லை. இரண்டு வகுப்பிலும் ஒரே ஒலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் பெயர் வைக்கும் முறை வேறு. அந்த வித்தியாசத்தை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நான் பல வருடமாக இரண்டையும் கற்றுத் தருகிறேன். ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதை மட்டும் விளக்கிவிட்டால் பிள்ளைகளின் முகம் தெளிந்துவிடும். அந்த ஒரு சாயங்காலப் பாடத்தையே இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் கீபோர்டை வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதல் விஷயம். 'சி' என்பது ஓர் ஆளின் பெயர் மாதிரி. 'ஸ' என்பது உறவுமுறை மாதிரி. ராமசாமி யார் கூப்பிட்டாலும் ராமசாமிதான். 'சித்தப்பா' என்றால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். கீபோர்டின் நடுவிலுள்ள சி கட்டை, யார் அழுத்தினாலும் வினாடிக்குச் சுமார் 261.6 முறை அதிரும் ஒலியைத் தருகிறது. அதற்கு மேலே வரும் ஏ கட்டைக்கு 440 அதிர்வு என்று 1939-ல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் தீர்மானித்தார்கள், மற்ற எல்லாக் கட்டைகளும் அதிலிருந்து கணக்கிடப்படுகின்றன. நம் பாட்டில் அப்படிப்பட்ட நிலையான எண் கிடையாது. பாடுபவரின் குரலுக்கு எது வசதியோ அதை ஸ என்று வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு ரி, க, ம, ப எல்லாமே அந்த ஸ-வுக்கு எவ்வளவு தூரம் என்பதால் மட்டுமே அடையாளம் பெறுகின்றன.

அப்படியானால் உங்கள் மகளின் 'ஐந்தரைக் கட்டை' என்ன? அது அவள் ஸ-வை எந்தக் கட்டையில் வைக்கிறாள் என்ற தகவல். இந்த வழக்கம் ஆர்மோனியத்திலிருந்து வந்தது. வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து எண்ணுங்கள்: சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டை இருந்தால் அது 'அரை'. சி-க்கும் டி-க்கும் நடுவில் இருப்பது ஒன்றரை, ஜி-க்கும் ஏ-வுக்கும் நடுவில் இருப்பது ஐந்தரை. ஆகவே ஐந்தரைக் கட்டையும் ஜி ஷார்ப்பும் ஒரே இடம்தான். மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இருக்காது. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை. பி-க்கும் அடுத்த சி-க்கும் நடுவிலும் இல்லை, அதனால் ஏழரைக் கட்டையும் இல்லை. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டையிலும், ஆண்கள் ஒன்று முதல் இரண்டரை வரையிலும் பாடுவார்கள். மேற்கத்திய வகுப்பில் 'கீ' என்று சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான், எது வீடு என்பதை.

அடுத்தது இடங்கள். ஒரு ஸ-விலிருந்து மேல் ஸ வரை போனால் அதிர்வு எண் சரியாக இரண்டு மடங்காகிறது. இந்தத் தூரத்தை அங்கே ஆக்டேவ் என்பார்கள், நாம் ஸ்தாயி என்போம். இதற்குள் வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன். அப்படி இரண்டு சேர்ந்தால் ஒரு டோன். ஷார்ப் என்றால் ஒரு செமிடோன் மேலே, ஃபிளாட் என்றால் ஒரு செமிடோன் கீழே. ஒரே கறுப்புக் கட்டையை ஜி ஷார்ப் என்றும் சொல்லலாம், ஏ ஃபிளாட் என்றும் சொல்லலாம்.

நம்மிடமும் இதே போன்ற இரட்டைப் பெயர்கள் உண்டு. பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர்கள் வைத்திருக்கிறோம். ஸ-வும் ப-வும் அசையாதவை. ம இரண்டு வகை: சுத்த மத்திமம், பிரதி மத்திமம். ரி (ரிஷபம்), க (காந்தாரம்), த (தைவதம்), நி (நிஷாதம்) ஒவ்வொன்றும் மூன்று வகை. சதுச்ருதி ரிஷபத்தின் இடத்தில்தான் சுத்த காந்தாரமும் இருக்கிறது, ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஓர் இடம், மேலே தைவத நிஷாதங்களிலும் இதே கதை. ஏன் இப்படி? ஏழு ஸ்வரமும் உள்ள ராகத்தில் ரி, க என்று இரண்டு பெயரும் வரிசையாக வரவேண்டும், ரி ரி என்று ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடாது. மேற்கத்திய முறையிலும் ஒரு ஸ்கேலில், அதாவது ஸ்வர வரிசையில், ஏழு எழுத்தும் ஒவ்வொரு தடவை மட்டுமே வரவேண்டும் என்பதால்தான் சில இடத்தில் ஷார்ப் என்றும் சில இடத்தில் ஃபிளாட் என்றும் மாற்றி எழுதுகிறார்கள். காரணம் ஒன்றுதான். பிள்ளைகள் இதைப் பார்க்கும்போது அடையும் சந்தோஷத்தை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இப்போது ஸ்கேல். சி-யிலிருந்து தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் நடுவில் உள்ள தூரங்கள் செமிடோன் கணக்கில் 2, 2, 1, 2, 2, 2, 1. இந்த அடுக்குக்குப் பெயர்தான் மேஜர் ஸ்கேல். எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் இந்த அடுக்கு மாறாமல் இருந்தால் அது மேஜர்தான். ஜி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளிலேயே போனால் கடைசியில் எஃப் வரும்போது தூரம் தப்பிவிடும், அதனால் எஃப்-ஐ ஷார்ப் ஆக்க வேண்டியிருக்கிறது. ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப் என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். காரணம் இவ்வளவுதான்.

நம் சங்கராபரணத்தின் ஸ ரி2 க3 ம1 ப த2 நி3 ஸ-வுக்கும் (எண், அந்த ஸ்வரத்தின் எத்தனையாவது வகை என்பதைக் காட்டும்) அதே தூரங்கள்தான். ஆனால் சங்கராபரணம் என்பது சி மேஜர் என்று சொன்னால் அது பாதி சரி. சி-யை ஸ-வாக வைத்தால்தான் சி மேஜர். உங்கள் மகள் ஐந்தரைக் கட்டையில் சங்கராபரணம் பாடினால் அவள் தொடுவது ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப், ஜி. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து கீபோர்டில் சி மேஜரை வாசித்து, அதன் மேல் தன் குரலைச் சேர்க்கப் பார்த்தால் ஒட்டாது. அவளுடைய குழப்பத்தில் பெரும் பங்கு இதனால்தான் என்று நினைக்கிறேன். கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை வைத்து சி கட்டையையே ஐந்தரையாக ஒலிக்க வைக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் அதைத் தொட வேண்டாம், விரலும் காதும் தூரங்களைக் கற்கட்டும்.

அடுத்த பாதி இன்னும் முக்கியம். ஸ்கேல் என்பது ஏணி. ராகம் அந்த ஏணியில் ஏறி இறங்கும் நடை. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறும் வரிசையான ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ, இறங்கும் வரிசையான அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ, எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்று. பாடினால் ஆரபி நிமிர்ந்து, விறுவிறுப்பாக, ஸ்வரங்களை நேராகத் தொட்டுக்கொண்டு போகும். தேவகாந்தாரி நிதானமாக, அசைந்து, குழைந்து வரும். கேட்டுப் பழகிய காது இரண்டு வரியிலேயே பிரித்துவிடும். இதைச் செய்வது கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது), பிடிகள் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகள்), எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற வழக்கம். தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். கீபோர்டில் அந்தக் கட்டையை மட்டும் அழுத்தினால் தோடியின் இடம் கிடைக்கும், தோடி கிடைக்காது.

போகப் போக ஒரு சின்ன வித்தியாசத்தையும் அவள் காது கண்டுபிடிக்கும். கீபோர்டில் பன்னிரண்டு இடைவெளியும் ஒரே அளவாக வெட்டப்பட்டவை. தம்பூரா நாதத்தோடு சேர்ந்து பாடும்போது குரல் போய் நிற்கும் அந்தர காந்தாரம் (மூன்றாவது வகைக் காந்தாரம், க3), ஸ-வுக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கிறது. ஒரு செமிடோனை 100 பங்காக வைத்தால் கீபோர்டின் காந்தாரம் அதைவிடச் சுமார் 14 பங்கு கூடுதல். பஞ்சமத்தில் (ப) வித்தியாசம் 2 பங்குதான், கண்டுபிடிப்பது கடினம். பாட்டு டீச்சர் "கீபோர்டைப் பார்த்து க பாடாதே" என்று சொன்னால் அவர் கீபோர்டை மட்டம் தட்டவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்.

இரண்டு முறைகளும் சந்தித்த ஒரு பழைய சம்பவம் உண்டு. ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். அவற்றை நோட்டு ஸ்வர சாகித்யம் என்கிறோம். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை, அநேகமாகக் கமகமே இல்லாமல் பாட வேண்டியவை. 'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்குவது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அதே தீட்சிதரின் சங்கராபரணக் கீர்த்தனை ஒன்றை அடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஏணி ஒன்று, நடை வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்.

ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்ற ஏற்பாடும் இரண்டு பக்கமும் உண்டு. பிலஹரி ஏறுவது மோகனம் மாதிரி ஐந்து ஸ்வரங்களில், இறங்குவது சங்கராபரணம் மாதிரி ஏழிலும். கீபோர்டு பரீட்சையில் வரும் மெலாடிக் மைனர் ஏறும்போது நம் கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி. நேச்சுரல் மைனர் என்பது நடபைரவியின் ஸ்வரங்கள், ஹார்மோனிக் மைனர் கீரவாணியின் ஸ்வரங்கள். இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி கீபோர்டின் மேல் ஒட்டி வைத்தால் அவளுக்குப் பாதிச் சுமை குறைந்துவிடும்.

இப்போது ஒரு விளையாட்டு. வெள்ளைக் கட்டைகளைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு கட்டையை ஸ-வாக வைத்து ஏறி இறங்க வேண்டும். சி-யில் ஆரம்பித்தால் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, இ-யில் தோடி, எஃப்-ல் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போஜி, ஏ-வில் நடபைரவி. பி-யில் ஆரம்பித்தால் பஞ்சமமே கிடைக்காது, அது மேளம், அதாவது ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகம், ஆகாது. கறுப்புக் கட்டை ஐந்தையும் இப்படியே வாசிக்கலாம்: எஃப் ஷார்ப்பை ஸ-வாக வைத்தால் மோகனம், ஜி ஷார்ப்பில் மத்தியமாவதி, ஏ ஷார்ப்பில் ஹிந்தோளம், சி ஷார்ப்பில் சுத்த சாவேரி, டி ஷார்ப்பில் சுத்த தன்யாசி. கட்டைகள் அவையேதான், வீடு மாறியதும் குடும்பமே வேறாகிவிடுகிறது. இதை நாம் கிரகபேதம் என்கிறோம், மேற்கத்தியர்கள் மோட் என்பார்கள். இடது கையால் ஸ-வை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் வாசிக்கச் சொல்லுங்கள். அப்படிப் பிடிக்காவிட்டால் காது பழைய வீட்டுக்கே திரும்பிப் போய்விடும்.

தமிழிசையில் இந்த யோசனை மிகப் பழையது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர்கள் சிலப்பதிகாரத்தில் வருகின்றன. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு இந்த ஏழு பெயரையும் இட்டு வட்டமாக நிற்க வைக்கிறாள் மாதரி. கண்ணனாக நிற்பவள் குரல், பலராமனாக நிற்பவள் இளி, அதாவது இன்றைய ஸ-வும் ப-வும். குரல் நிற்கும் இடத்தை மாற்றிப் புதிய பாலைகளை, அதாவது புதிய ஸ்வர வரிசைகளை, பிறப்பிக்கும் முறையும் அந்த நூலிலேயே பேசப்படுகிறது. ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் இருந்து 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் இந்தக் கணக்குகளை விரிவாக ஆராய்ந்தவை. செம்பாலை என்பது இன்றைய ஹரிகாம்போஜி என்பது பலரும் ஏற்கும் முடிவு. உங்கள் மகள் வெள்ளைக் கட்டையில் விளையாடும் விளையாட்டை அந்தக் காலத்தில் யாழ் நரம்பில் ஆடியிருக்கிறார்கள்.

72 மேளகர்த்தாவைப் (தாய் ராகங்களைப்) பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ரி-க ஜோடி ஆறு விதமாக அமையலாம், த-நி ஜோடியும் ஆறு விதம், ம இரண்டு விதம். ஆறை ஆறால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த கணக்கு இது. சங்கராபரணம் 29-வது, கல்யாணி 65-வது. 29-உடன் 36-ஐக் கூட்டினால் 65, ஏனென்றால் சுத்த மத்திமம் பிரதி மத்திமமாக மாறியது ஒன்றுதான் வித்தியாசம். முதல் 36-ல் சுத்த மத்திமம், பின்னால் உள்ள 36-ல் பிரதி மத்திமம். பதினொரு வயதுக்கு இவ்வளவு போதும்.

சரி, தாளத்துக்கு வருவோம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. முதல் நான்கு ஒரு லகு, பின்னால் வரும் இரண்டிரண்டும் திருதம். இந்த எட்டும் சேர்ந்து ஓர் ஆவர்த்தனம். மேற்கத்திய முறையில் 4/4 என்றால், ஒரு பாரில் (தாளக் கட்டத்தில்) நான்கு எண்ணிக்கை, ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒரு கால் நோட்டின் அளவு என்று அர்த்தம். இரண்டு பார் சேர்ந்தால் எட்டு. நீளத்தில் ஆதி தாளமும் இரண்டு 4/4 பாரும் ஒன்றேதான். ஆனால் 4/4-ல் முதல் எண்ணிக்கைக்கு இயல்பாகவே அழுத்தம் உண்டு, மூன்றாவதுக்குக் கொஞ்சம் குறைவான அழுத்தம். ஆதி தாளத்தில் தட்டும் விரலும் வீச்சும் நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் அடையாளங்கள், பாட்டின் அழுத்தம் அங்கேதான் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டே தட்டில் தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுப்பதும் சாதாரணம். தாளம் தொடங்கிய பிறகு எடுத்தால் அனாகதம், தாளத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் அதீதம், சேர்ந்து எடுத்தால் சமம். கீபோர்டு சார் 'பிக்கப்' என்று சொல்வது அதீத எடுப்புக்குப் பக்கத்தில் வரும்.

இன்னொரு குழப்பம் வேகத்தில். ஸரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிறாளே, அங்கே தாளம் வேகமாகப் போவதில்லை. கை அதே வேகத்தில்தான் விழுகிறது, ஒரு எண்ணிக்கைக்குள் வரும் ஸ்வரங்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருகுகின்றன. ஒரே சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 என்று வைத்துப் பாடச் சொன்னால் தெளிவாகத் தெரியும். கீபோர்டு நோட்டில் இந்த மூன்று காலமும் குரோச்செட், குவேவர், செமிகுவேவர். இந்த ஆங்கிலப் பெயர்களை உருப்போடப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கர்கள் இவற்றை முழு நோட்டை வகுத்த பின்னங்களாகவே சொல்கிறார்கள், அந்தப் பின்னங்களுக்கு நம் பாட்டிமார் சொன்ன பெயர்கள் அப்படியே பொருந்துகின்றன: முழு, அரை, கால், அரைக்கால், மாகாணி. செமிபிரீவ் முழு, மினிம் அரை, குரோச்செட் கால், குவேவர் அரைக்கால், செமிகுவேவர் மாகாணி. 4/4-ல் கீழே இருக்கும் 4 'கால்', 6/8-ல் கீழே இருக்கும் 8 'அரைக்கால்'. நோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதன் அளவில் பாதி கூடும்.

3/4-ம் 6/8-ம் இரண்டுமே ஆறு அரைக்கால்தானே, எதற்கு இரண்டு பெயர் என்று அவள் கேட்பாள். கேட்க வேண்டும். 3/4-ல் மூன்று எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு: தக தக தக. 6/8-ல் இரண்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று: தகிட தகிட. நாம் நடை என்று சொல்வது இதைத்தான். எண்ணிக்கைக்குள் நான்காகப் பிரித்தால் சதுச்ர நடை, தகதிமி. மூன்றாகப் பிரித்தால் திச்ரம். ஐந்தானால் கண்டம், தகதகிட. ஏழானால் மிச்ரம், தகிட தகதிமி. ஒன்பதானால் சங்கீர்ணம். சூளாதி ஏழு தாளங்களின் லகுவுக்கும் இதே ஐந்து எண்கள் வருவதால்தான் 35 தாளங்கள். கச்சேரியில் அடிக்கடி கேட்கும் ரூபகம் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்று எண்ணிக்கையில் போகும், மிச்ர சாப்பு மூன்றும் நான்குமாக ஏழு, கண்ட சாப்பு இரண்டும் மூன்றுமாக ஐந்து. எண்களைச் சொல்லிப் புரியாத பிள்ளைக்கு இந்தச் சொற்கட்டுகளைச் சொல்லி நடக்க வைத்தால் புரிந்துவிடும். வாயால் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கட்டும், எண்ணிக்கைக்கு ஒரு அடி.

கடைசியாக எழுதும் முறை. ஐந்து கோட்டு முறை உயரத்தைப் படமாகக் காட்டுகிறது. கோடும் இடைவெளியும் படிகள், மேலே போனால் ஒலி உயரும். இடது ஓரத்தில் சுருண்டிருக்கும் டிரெபிள் கிளெஃப், கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொண்டு இதுதான் ஜி என்று சொல்கிறது. பேஸ் கிளெஃப் நான்காவது கோட்டை எஃப் என்கிறது. நடு சி, டிரெபிளுக்குக் கீழே ஒரு சிறு கோடு போட்டு எழுதப்படும். கோடுகளை ஒழுங்குபடுத்தியவர் 11-ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி குய்டோ. பாடகர்களுக்கு உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற பெயர்களையும் தந்தவர் அவர்தான். உத் பிற்பாடு டோ ஆனது. டோ-வை எந்தக் கட்டையிலும் வைத்துப் பாடும் முறை நம் ஸரிகமவுக்கு நெருங்கிய சொந்தம்.

நம் முறை உறவை எழுதுகிறது. ஓர் எழுத்து ஓர் அட்சரம், அதாவது ஓர் அளவு நேரம், அரைப்புள்ளி இரண்டு அட்சர நீட்டல், காற்புள்ளி ஒரு அட்சர நீட்டல். ஒற்றைக் கோடு லகு, திருதம் போன்ற அங்கத்தின் முடிவு, இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தின் முடிவு. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. தமிழில் மேல் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளி போலவே தெரியும், 'ஸ்' என்று வாசித்துவிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அவள் பாடியிருக்கும் முதல் கீதத்தை எடுத்துக்கொள்வோம், மலஹரியில், ரூபக தாளத்தில், 'ஸ்ரீ கணநாத'. தொடக்கம் இப்படி:

ம ப | த ஸ ஸ ரி || ரி ஸ | த ப ம ப ||

இதில் ஸ-வும் ரி-யும் மேல் ஸ்தாயி. இது கச்சேரியில் கேட்கும் மூன்று எண்ணிக்கை ரூபகம் அல்ல, சூளாதி ரூபகம்: இரண்டும் நான்குமாக ஆறு அட்சரம். சி-யை ஸ-வாக வைத்தால் எஃப், ஜி, ஏ ஃபிளாட், சி, சி, டி ஃபிளாட். இதை ஐந்து கோட்டில் எழுதப் போனால் ஒரு சுவாரஸ்யமான தடை வரும். எந்தெந்த ஸ்வரம் ஃபிளாட் என்பதை வரியின் தொடக்கத்திலேயே எழுதி வைப்பார்கள், அதுதான் கீ சிக்னேச்சர். ஃபிளாட்டுகள் அங்கே பி, இ, ஏ, டி என்ற ஒரே வரிசையில்தான் சேரும். நமக்கு ஏ ஃபிளாட்டும் டி ஃபிளாட்டும் வேண்டும். ஆனால் மலஹரி இறங்கும்போது வரும் காந்தாரம் அந்தர காந்தாரம், அது வெறும் இ. நான்கு ஃபிளாட் போட்டால் இ-யும் ஃபிளாட் ஆகிவிடும். கீ சிக்னேச்சர் மேஜர் ஸ்கேலையும் அதன் சொந்தக்காரர்களையும் எழுதப் பிறந்த ஏற்பாடு, மலஹரியின் தாய் ராகமான மாயாமாளவகௌளையின் குடும்பம் அதில் அடங்காது. ஆகவே சிக்னேச்சர் இல்லாமல், தேவைப்படும் ஒவ்வொரு இடத்திலும் நோட்டின் முன்னால் ஃபிளாட் அடையாளம் போட்டு எழுத வேண்டியதுதான்.

நம் எழுத்துக்கும் ஒரு குறை உண்டு. கமகத்தை அது பெரும்பாலும் எழுதுவதில்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளம் வகுத்து, நூற்றுக்கணக்கான கிருதிகளை எழுதி வைத்தார். அவ்வளவு பெரிய உழைப்புக்குப் பிறகும், ஒரு தடவையாவது குருவிடம் கேட்டவருக்குத்தான் அந்த அடையாளங்கள் முழுதாக உயிர் பெறுகின்றன. மேற்கத்திய நோட்டு, எழுதியவரை ஒருபோதும் பார்க்காதவர் வாசிக்க வேண்டும் என்பதற்காக வளர்ந்தது. நம் நோட்டு, கேட்டதை மறக்காமல் இருக்க வளர்ந்தது. அதனால் கீபோர்டு வகுப்பில் அவள் காகிதத்தைப் பார்த்து வாசிப்பதும், பாட்டு வகுப்பில் நோட்டை மூடிவைத்துவிட்டு டீச்சரின் வாயைப் பார்ப்பதும் இரண்டுமே சரியான பழக்கங்கள்.

வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்த வாரம் மேலே உள்ள அந்தப் பன்னிரண்டு ஸ்வரங்களை ஐந்து கோட்டில் அவளையே எழுதச் சொல்லுங்கள், முதலில் சி-யை ஸ-வாக வைத்து. அடுத்த வாரம் தன் சொந்த ஐந்தரைக் கட்டையில் எழுதட்டும். எழுதியதை கீபோர்டில் மெதுவாக வாசித்துக்கொண்டே கூடச் சேர்ந்து பாடட்டும், இடது கை தொடையில் தாளம் போடட்டும். குரலும் கட்டையும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று அவளே நிறுத்திக் காட்டுவாள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய் இரண்டு ஆசிரியர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள்.